மூன்று பேருக்கு ஒரு ரைபிள்: பங்கு போட்டு வாங்கலாமா?

கேள்வி | 2 பிப்ரவரி 2025, காலை

நாங்கள் மூன்று பேர். ஒரே கல்லூரி, ஒரே கிளப். 10 மீட்டர் ஏர் ரைபிள். இரண்டு வருடமாக கிளப் ரைபிளில்தான் சுடுகிறோம்; ஒரு ரைபிளுக்கு ஐந்து பேர் காத்திருக்கிறோம். ஆளுக்கு அறுபதாயிரம் வரை வீட்டில் தருவார்கள். சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறோம். கோச் வேண்டவே வேண்டாம், நட்பும் போகும், ரைபிளும் போகும் என்கிறார். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி 2025, இரவு

செய்து பார்த்திருக்கிறோம். நான்கு வருடமாக ஒரே ரைபிளை மூன்று பேர் சுடுகிறோம். நான், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, அன்றைக்குப் பள்ளியில் படித்து இன்று இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் இருக்கும் ஒரு தம்பி. புதிது அல்ல, ஒருவர் சுட்டுவிட்டு விற்றது. 2021இல் 1,65,000 ரூபாய். ஆளுக்கு 55,000. தம்பி வீட்டில் ஐந்து தவணையாகக் கொடுத்தார்கள்.

உங்கள் கோச் சொல்வது பொய்யில்லை. ஆனால் கெடுப்பது ரைபிள் இல்லை, பேசாமல் விட்ட விஷயங்கள்.

எங்கள் ஊரில் கிணற்றில் பங்கு உண்டு. என் அப்பாவுக்குக் கால் பங்கு. நான்கு நாளைக்கு ஒரு தடவை நம் முறை வரும், தண்ணீர் பாய்ச்சுவோம். தண்ணீரைப் பங்கு போடுவதில் எனக்குத் தெரிந்து சண்டை வந்ததில்லை. மோட்டாரில் காயில் எரிந்த அன்றைக்குத்தான் சண்டை வரும். யார் முறையில் எரிந்தது, யார் டவுனுக்குத் தூக்கிப்போவது, அதுவரை யார் பயிர் காயும். ரைபிளும் அப்படித்தான். விலையைப் பங்கு போட ஐந்து நிமிடம் போதும். பராமரிப்பைப் பங்கு போடுவது பற்றித்தான் நீங்கள் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. .177 அங்குல அளவுக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிள் அரை கிராம் பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டை, நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 8 ஜூல் அளவுதான். ஆகவே ரைபிள் இந்த வாரம் உங்கள் வீட்டில், அடுத்த வாரம் நண்பர் வீட்டில் என்று இருக்கலாம். .22க்கு இந்த யோசனையை எடுத்துப்போகாதீர்கள். அது வெடிமருந்துத் தோட்டா போடும் துப்பாக்கி. ஒருவர் லைசென்ஸில் ஏறியதை இன்னொருவர் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே கிளப் ரைபிள்தான் வழி.

3 பிப்ரவரி 2025

நேற்று முதலில் கேட்டிருக்க வேண்டியது: மூன்று பேரும் வலது கைதானா? ஒருவர் இடது கை என்றால் இந்த இழையை இங்கேயே மூடிவிடலாம்.

அடுத்தது உயரம். அக்கா ஐந்தடி இரண்டு அங்குலம், தம்பி ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் மாறும்போது பட் பிளேட்டின் (தோளில் பதியும் தட்டு) நீளமும் உயரமும் மாறும், சீக் பீஸ் (கன்னம் வைக்கும் கட்டை) மாறும், சைட்டை (குறி பார்க்கும் கருவி) உயர்த்தும் கட்டை மாறும். முதல் மூன்று மாதம் எங்களுக்கு நரகம். ஒவ்வொருவரும் முந்தைய ஆள் வைத்ததைத் தடவித் தடவி நம் நிலைக்குக் கொண்டுவருவோம். ‘ஏறக்குறைய சரி’ என்று சுடத் தொடங்குவோம். பத்துப் புள்ளியின் குறுக்களவே அரை மில்லிமீட்டர். அங்கே ஏறக்குறைய என்று ஒன்று கிடையாது.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு திருகுக்கும் அதன் அளவுகோலில் என்ன எண், பின் சைட்டைக் கடைசி வரை திருப்பி அங்கிருந்து எத்தனை கிளிக், முன் சைட்டில் எந்த வளையம். அளவுகோல் இல்லாத இடத்தில் மூன்று நிற நெயில் பாலிஷ் புள்ளி. சிவப்பு அக்கா, நீலம் தம்பி, வெள்ளை நான். இப்போது ஆள் மாற்ற எட்டு நிமிடம். ஆலன் கீ செட் ரைபிள் பெட்டியிலேயே இருக்கும், யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை.

5 பிப்ரவரி 2025

பிஸ்டல் சுடுகிற ஒருவர் கேட்டிருக்கிறார். பங்கு போட ரைபிளைவிட பிஸ்டல் எளிது. கிரிப், அதாவது கைப்பிடி, மட்டும்தான் உங்களுடையது, மற்றதெல்லாம் பொது. ஒரு திருகைக் கழற்றி உங்கள் கிரிப்பை மாட்டினால் பாதி வேலை முடிந்தது. அவரவர் கிரிப்பை அவரவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரத்தூள் பசை வைத்துக் கைக்குப் பொருத்திக்கொள்ளலாம். நேற்று வரை இதை யோசிக்காமல் கிளப்பில் எல்லோரிடமும் ரைபிள்தான் பங்குக்குச் சரிவரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு.

ஒரே ஓர் ஆபத்து, ட்ரிகர். ஏர் பிஸ்டலில் அதை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பங்காளி ஒருவர் பயிற்சிக்காகக் கொஞ்சம் இளக்கி வைத்துவிட்டு மறந்தால், போட்டி முடிந்ததும் எடைக்கல் வைத்துப் பார்க்கும்போது தகுதி நீக்கம் ஆவது நீங்கள். கைமாறும்போதெல்லாம் எடை வைத்துப் பாருங்கள். ரைபிளில் இந்தக் குறைந்தபட்ச எடை இல்லை.

9 பிப்ரவரி 2025

பழைய ரைபிள் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, சுடுவதற்கான காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர். அதன் மேல் தேதி பொறித்திருக்கும். தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் பத்து வருடம். கெடு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள், ஏற்றாலும் நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே 200 பார் அழுத்தத்தில் காற்று. லாரி டயரைப் போல இருபது மடங்குக்கும் மேல். அதைக் கன்னத்துக்கு ஒரு முழம் முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறோம். எங்கள் ரைபிளோடு இரண்டு சிலிண்டர் வந்தது. ஒன்றுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. புது சிலிண்டர் செலவு முதல் வருடமே தலையில் விழுந்தது.

நிரப்புவது கிளப்பில் இருக்கும் 300 பார் பெரிய உருளையிலிருந்து. கை பம்ப் வாங்கலாமா என்று தம்பி கேட்டான், நான் வேண்டாம் என்றேன். நம் ஊர் ஈரக்காற்று அப்படியே உள்ளே போகும்.

பராமரிப்பு: வருடத்துக்கு ஒருமுறை, மாநிலப் போட்டிக்கு முன், ரைபிளைக் கொடுத்து எல்லா ஓ-ரிங்கும் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றிவிடுகிறோம். அது போதும். குழலைத் துடைக்க ஃபெல்ட் துண்டு, ஒவ்வொரு பெல்லட் டப்பா தீர்ந்ததும்.

10 பிப்ரவரி 2025

ஓ-ரிங் காய்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் விடலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றும். சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு.

16 பிப்ரவரி 2025

பணக் கணக்கு. இதைப் பற்றித்தான் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

முதல் இரண்டு வருடம் ஆளுக்கு மாதம் 400 ரூபாய் பொது டப்பாவில். சமபங்கு, சுத்தமாக இருந்தது. ஆனால் அக்கா மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் ரேஞ்சுக்கே வரமாட்டார். நான் வாரம் இரண்டு நாள். தம்பி தினமும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் சர்வீஸ் பில்லைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதும்.

பாசனத்தில் மோட்டார் ஓடும் மணிக்கணக்கு உண்டு. ரைபிளுக்கு எது மணி? பெல்லட் டப்பா. ஒரு டப்பாவில் 500. ஆகவே 2023 பிப்ரவரியிலிருந்து ஒரு விதி: யார் புது டப்பா உடைத்தாலும் நோட்டில் எண் போட்டு, 100 ரூபாய் பொதுவில் வைக்க வேண்டும். நான் மாதம் இரண்டு டப்பா, அக்கா மூன்று, தம்பி ஐந்து. மாதம் ஆயிரம் சேர்கிறது. ஓ-ரிங், ஃபெல்ட், சர்வீஸ் எல்லாம் அதிலிருந்து.

பெல்லட்டில் இன்னொரு லாபம் இருக்கிறது, வாங்கும்போது எங்களுக்குத் தெரியாதது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பேட்ச் பெல்லட் பிடிக்கும், ஒன்று பிடிக்காது. 4.49 ஆ 4.50 ஆ, எந்தத் தேதியில் செய்தது என்பதெல்லாம் பார்த்து, சுட்டுச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். தனி ஆளாக நல்ல பேட்ச் கிடைத்தாலும் மொத்தமாக வாங்கப் பணம் இருக்காது, அடுத்த முறை அது கிடைக்காது. நாங்கள் மூன்று பேர், ஒரே குழல். குழலுக்குப் பிடித்தது மூவருக்கும் ஆகும். சேர்ந்து முப்பது டப்பா எடுத்துவிடுவோம்.

17 பிப்ரவரி 2025

சுடும்போது போடும் ஜாக்கெட்டைப் பங்கு போட முடியுமா? முடியாது. அது உடம்பின் வளைவுக்குப் பழகிக்கொள்கிறது. தடிமன் 2.5 மில்லிமீட்டர், விறைப்பு இவ்வளவு என்று அளந்துதான் விடுவார்கள். வளரும் பிள்ளைகளின் ஜாக்கெட்டை அடுத்த பிள்ளைக்குப் பாதி விலையில் தள்ளிவிடுவது வேறு, அது எல்லா கிளப்பிலும் நடக்கிறது.

20 பிப்ரவரி 2025

மேலே கேட்டது நியாயமான கேள்வி. ‘மூவரில் வருமானமே இல்லாதவன் தம்பி, அவனிடம்தான் அதிகம் வாங்குகிறீர்கள், இதுவா நீதி?’

மூன்று நாள் இதையே யோசித்தேன். கிணற்றில் தூர் வாரும் நாளில் காசு இல்லாதவர் ஆளாக வந்து நிற்பார். அவர் மண் சுமந்ததும் பங்குதான், யாரும் குறைத்துப் பேசமாட்டார்கள். பெரும்பாலும் தம்பிதான் சிலிண்டர் நிரப்புகிறான், குழல் துடைக்கிறான், நோட்டு எழுதுகிறான். இதற்கு நாங்கள் கணக்கே வைக்கவில்லை. ‘பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை’ என்பார்கள். எங்கள் கூட்டில் சுமை அவன் தலையில் இருந்திருக்கிறது. அக்காவிடம் பேசினேன். இந்த மாதத்திலிருந்து அவன் ஐந்து டப்பாவில் மூன்றுக்குப் பணம் இல்லை. மாதம் எழுநூறு போதும்.

2 மார்ச் 2025

கோபமாக எழுதுகிறேன். எங்கள் விதி, ரைபிளை அடுத்தவரிடம் கொடுக்கும்போது 200 பார் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நேற்றிரவு தம்பி கொண்டுவந்து கொடுத்தான். நான் பெட்டியைத் திறக்கவில்லை. காலையில் பார்த்தால் 160. போன மாதமும் இரண்டு முறை இப்படி. போன் போட்டேன். நிரப்பித்தான் கொடுத்தேன் அண்ணா என்றான். அப்படியானால் காற்று எங்கே போனது என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை, வைத்துவிட்டான்.

கைமாறும்போது இருவரும் சேர்ந்து மானோமீட்டரை (அழுத்தம் காட்டும் முள்) பார்த்து நோட்டில் எழுத வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இதை முதல் வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3 மார்ச் 2025

நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும், ஆறினால் முள் இறங்கும் என்று நினைவூட்டியவர் சொன்னது சரி. 200 நிரப்பியது ஆறியபின் 190 காட்டுவதை நானே நூறு முறை பார்த்திருக்கிறேன், கோபத்தில் மறந்துவிட்டேன். ஆனால் 190 சரி, 160 எப்படி? முப்பது பார் போனதற்குச் சூடு காரணம் ஆகாது.

9 மார்ச் 2025

சோதித்தேன். வெள்ளி இரவு நானே நிரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ரைபிளில் மாட்டி வைத்தேன். 192. காலையில் 163. சனி இரவு மறுபடி நிரப்பி, இந்த முறை ரைபிளிலிருந்து கழற்றித் தனியாக மேசைமேல் வைத்தேன். இரவு 191, காலை 191.

சிலிண்டரில் கசிவில்லை. ரைபிளோடு சேரும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங் போய்விட்டது.

தம்பி நிரப்பித்தான் கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும்.

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார், அவருக்கு எதுவும் தெரியாது. வெளியே வந்து வண்டி பக்கத்தில் நின்று சொன்னேன். ‘பரவாயில்லண்ணா’ என்றான். பரவாயில்லை என்று அவன் சொன்ன விதத்தில், இந்த ஒரு வாரம் அவன் ரேஞ்சுக்கு வராதது தெரிந்தது. வயதில் இளையவன், தவணையில் பங்கு கட்டியவன். முள் இறங்கியதும் என் மனம் நேராக அவனிடம் போனது, ரைபிளிடம் போகவில்லை. அக்கா 160 கொடுத்திருந்தால் நான் முதலில் ஓ-ரிங்கைத்தான் பார்த்திருப்பேன். இது எனக்குத் தெரியும்.

2ஆம் தேதிக் குறிப்பை அழிக்கலாம் என்று நினைத்தேன். அழிக்கவில்லை.

10 மார்ச் 2025

பிப்ரவரி 9 குறிப்பில் ‘வருடத்துக்கு ஒருமுறை, அது போதும்’ என்று எழுதினேனே, அதைத் திருத்துகிறேன். தனி ஆளின் ரைபிளுக்கு அது சரி. எங்களுடையதில் ஒரு நிரப்புக்கு ஏறத்தாழ 350 குண்டு வரும்; ஆனால் கைமாறும்போதெல்லாம் நிரப்ப வேண்டும் என்ற விதியால் மாதத்துக்கு முப்பது தடவை சிலிண்டரைக் கழற்றி மாட்டுகிறோம். தனியாகச் சுடுபவர் ஏழெட்டுத் தடவை. கடைசி சர்வீஸிலிருந்து பதினொரு மாதம், முந்நூறு தடவைக்கு மேல். அந்த ரப்பர் தேய்ந்தது காலத்தால் இல்லை, எண்ணிக்கையால். காசைக் கணக்கிட டப்பாவை வைத்த நாங்கள் ஓ-ரிங்கைக் கணக்கிட காலண்டரை வைத்திருந்தோம். இனி ஐம்பது டப்பாவுக்கு ஒரு முறை அந்த ஓ-ரிங்.

15 மார்ச் 2025

போட்டியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு. அக்காவுக்குப் பெண்கள் பிரிவு, இடிக்காது. நானும் தம்பியும் ஒரே பிரிவு. இருவரையும் ஒரே டீடெயிலில் (ஒரே நேரத்தில் சுடும் குழு) போட்டுவிட்டால் ஒருவர்தான் சுடலாம். ஒரு போட்டியில் கேட்டுக்கொண்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்றில் முடியாது என்றார்கள், நான் விலகிக்கொண்டேன். அடுத்தடுத்த டீடெயில் என்றாலும் சிரமம்தான்: 60 குண்டுக்கு 75 நிமிடம், அவன் முடித்து வரும்போது எனக்குத் தயாராகும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு நிமிட மாற்றம் என்று பெருமையாக எழுதினேன். அந்த இடத்தில் எட்டு நிமிடம் ஒரு யுகம்.

பழுதானால் மாற்று ரைபிளும் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுப்போட்டியில் பழுதாகி, நேரம் போய், 575 புள்ளியோடு 12ஆவது இடத்தில் நின்றது எல்லோருக்கும் தெரியும். மாற்று ஏற்பாடும் ஆட்களும் இருக்கும் இடத்திலேயே அப்படி. அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு வந்தார். எனக்கு அந்த இரண்டாவது செய்தியைவிட முதலாவதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம்.

ஒருவர் மாவ்லங்கர் என்ற அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெற்று மற்றவர்கள் பெறாவிட்டால், ரைபிள் அவரோடு போகும். மற்றவர்கள் அந்த மூன்று வாரம் கிளப் ரைபிள். இதை எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை அப்படிப் போனது தம்பி மட்டும்தான். அவனை ரயிலேற்றிவிடும்போது அக்கா தன் சீக் பீஸ் அளவைத் தானே கலைத்து, அவன் அளவை வைத்துக் கொடுத்தார்.

16 மார்ச் 2025

2022 ஜூலையில் திருச்சியில் மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தபின் கிளப்புகளில் கூட்டம் கூடியது பற்றிப் பேச்சு திரும்பியிருக்கிறது. எங்கள் கிளப்பிலும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் முதல் மாதச் செலவைக் கேட்டதும் நின்றுவிட்டார்கள். ஆர்வம் இல்லாமல் இல்லை, ரைபிள் இல்லாமல். கடலூரில் பிறந்த ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்து வரும் பெண் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். அதற்காகத்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன்.

30 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் மூவரும் பேசி முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். உங்கள் ஒப்பந்தத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது: ஒருவர் விலகினால்? கல்லூரி முடிந்ததும் ஒருவருக்குப் புனேயில் வேலை கிடைக்கும். அப்போது அவர் பங்கு என்ன விலை? இன்றே எண்ணைப் போடுங்கள். எங்களுடையது: வாங்கிய பங்கில் வருடத்துக்கு ஐயாயிரம் கழியும், மீதியை மற்ற இருவரும் ஆறு மாதத்தில் கொடுக்க வேண்டும், வெளியாளுக்கு விற்பதானால் இருவரும் சம்மதிக்க வேண்டும். 55,000 போட்ட எங்கள் பங்கு இந்த வருடம் 35,000.

அக்காவுக்கு இடமாற்றம் வரலாம் என்று பேச்சு. வந்தால் இந்த எண் உதவும். அக்காவின் பக்கத்தை நோட்டிலிருந்து கிழிக்கமாட்டோம்.

அப்புறம், ரைபிளுக்கு ஒரே ஒருவர் பொறுப்பாளி. மூவரும் பொறுப்பு என்று எழுதாதீர்கள்.

6 ஏப்ரல் 2025

ஓ-ரிங் வந்து சேர நாலு வாரம் ஆனது. நேற்று தம்பி வீட்டில் வைத்து மாற்றினோம். பழையதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது, நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. மாற்றியது அவன்தான், நான் டார்ச் பிடித்தேன்.

ஆறவிட்டு மாட்டிய பிறகு இரவு பத்து மணிக்கு 196. இருவரும் பார்த்தோம், நோட்டில் எழுதினோம். ரைபிளை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.

காலை ஆறு மணிக்கு அவன் படம் அனுப்பினான். 196. கீழே ஒரு வரி: ‘டப்பா எண் 243. அடுத்த ஓ-ரிங் 293இல்.’